பிரான்ஸ் வரி கேட்ட மரக்காணம் உப்பளம்

மரக்காணத்தில் நாலு ஏக்கர் உப்பளம் என்ன விலை போகும் என்று லியோன் நகரத்தில் ஒரு பெண்மணி என்னிடம் கேட்டார். அவர் நொத்தேர். பாண்டிச்சேரிக்காரர்களுக்கு இந்தச் சொல் பழக்கம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: இறந்தவரின் சொத்தைப் பட்டியல் எடுத்து, வாரிசு யார் என்று உறுதி செய்து, அரசுக்கு வாரிசு வரிப் படிவம் தயாரித்துத் தருகிற சட்ட அதிகாரி. அப்பா இறந்து அப்போது மூன்று வாரம். "தெரியாது" என்றேன். "தெரிந்துகொண்டு வாருங்கள்" என்றார்.

விதி இதுதான். பிரான்ஸில் குடியிருந்து இறந்தவருக்கு உலகத்தில் எந்த மூலையில் சொத்து இருந்தாலும் அது அங்கே கணக்கில் சேரும். இந்தியாவில் வாரிசு வரி கிடையாது. நான் பிறப்பதற்கு முன்பே எடுத்துவிட்டார்கள். அதனால் 'அங்கே கட்டிவிட்டேன், இங்கே கழித்துக்கொள்ளுங்கள்' என்று கேட்கவும் வழியில்லை. பிள்ளைகளுக்கு ஒரு விலக்கு வரம்பு உண்டு. அப்பா விட்டுப்போன இரண்டு அறை ஃப்ளாட்டே அந்த வரம்பை விழுங்கிவிட்டது. அம்மா முன்பே போய்விட்டார். நான் ஒரே பிள்ளை. ஆகவே உப்பளத்தின் ஒவ்வொரு சென்ட்டும் வரிக்குள் வரும். படிவம் கொடுக்க, இறந்த நாளிலிருந்து ஆறு மாதம். அதில் நாலரை மாதம் வேலையிலும், துக்கத்திலும், தபாலில் வர வேண்டிய காகிதங்களுக்காகக் காத்திருந்ததிலும் போய்விட்டது.

என் வேலை பழைய பாலங்களைச் சோதிப்பது. விரிசலைப் பார்ப்பேன், அளப்பேன், எண் போட்டு எழுதுவேன். பாலத்தைத் திட்டுவதோ அதற்காக அழுவதோ என் வேலையில் சேராது. மரக்காணம் போவதற்கும் அதே மாதிரி நோட்டில் நாலு வரி எழுதிக்கொண்டேன். ஒன்று, வாரிசு சான்றிதழ். இரண்டு, வில்லங்கச் சான்று. மூன்று, அப்பா இறந்த அன்று நிலத்துக்கு இருந்த மதிப்பு. நான்கு, அத்தை.

நாலாவது வரிக்கு எதிரே என்ன எழுதுவது என்று தெரியாததால் ஒன்றும் எழுதவில்லை. கனகா அத்தை அப்பாவின் தங்கை. அந்த உப்பளத்தில் உழைக்கிறவர் அவர்தான். அதை விற்று வரி கட்டும்படி ஆகிவிடக் கூடாது என்பது மட்டும் எனக்குத் தெளிவாக இருந்தது.

குயிலாப்பாளையத்தில் ஒரு மாடி அறை எடுத்தேன். தன் வீட்டில் தங்காததை அத்தை இன்னும் மன்னிக்கவில்லை. நொத்தேருடன் பேச அறுந்து போகாத இணையம் வேண்டியிருந்தது. அந்த ஊரில் குடியேறிய வெள்ளைக்காரர்கள் புண்ணியத்தில் அது கிடைக்கிறது. காலை உணவுக்கு முறுகலான பிரெஞ்சு ரொட்டியும் கிடைக்கிறது. நான் எதிர்க் கடையில் இட்லியும் வடகறியும் சாப்பிட்டேன். எட்டு நாளில் ரொட்டி தின்பதற்கா அத்தனை தூரம் பறந்து வந்தேன்?

முதல் நாள் பொம்மையார்பாளையம் நிறுத்தத்தில் சென்னை பஸ் ஒன்றில் ஏறினேன். "மரக்காணம்" என்றதும் கண்டக்டர் தலையாட்டி டிக்கெட் கிழித்தார். ஊர் நெருங்கியபோதுதான் மீதியைச் சொன்னார்.

"ஊருக்குள்ள போவாதும்மா. பைபாஸ்ல இறக்கி விட்டுர்றேன், நடந்துடுங்க."

"எவ்ளோ தூரம்?"

"பக்கம்தான்."

பக்கம்தான் என்பது தூரத்தைச் சொல்லும் சொல் அல்ல. ஆறுதல் சொல்லும் சொல். பத்து மணி வெயிலில் அரை மணி நேரம் நடந்த பிறகு எனக்கு அது விளங்கியது. இரண்டு பக்கமும் பாத்திகள், கண் கூசுகிற வெள்ளை. நிழல் என்று சொல்ல மின்கம்பத்தின் நிழல்தான் இருந்தது. உப்பு மூட்டை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பிய குட்டியானை வண்டி ஒன்று நின்றது.

"ஏறுங்க. எந்த ஊரு?"

"லியோன்."

"அது எந்த தாலுக்கா?"

பிரான்ஸ் என்றேன். அவர் கியரை மாற்றினார். "அங்க உப்பு உண்டா?" உண்டு, சின்ன டப்பாவில் பூ மாதிரி வைத்து விற்பார்கள், இங்கே ஒரு மூட்டைக்குக் கொடுக்கும் விலையை அங்கே ஒரு கைப்பிடிக்குக் கேட்பார்கள் என்றேன். "கேட்பாங்க கேட்பாங்க" என்றார், நான் விடுகிற கதையை மன்னிக்கிற குரலில்.

அத்தை பாத்தியில் இருந்தார். சேலைக்கு மேல் மாமாவின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, கையில் நீளக் காம்பு வைத்த பலகை. உப்பை இழுத்து வரப்போரம் குவித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பலகையை விடாமலே கத்தினார். "ஏய்யா, பாப்பா வந்துட்டா! அப்படியே அண்ணன் நடை. தண்ணிக்குள்ள கால வெக்காதம்மா, எரியும்!"

அதற்குள் வைத்துவிட்டேன். எரிந்தது.

மத்தியானம் நண்டுக் குழம்பு. ஏழுமலை மாமா ஓட்டை உடைத்து உடைத்து என் தட்டில் வைத்தார். ஒரு காலத்தில் குடியில் பேர்போன மனிதர். மூன்று வருடமாகத் தொடுவதில்லை என்று அத்தை போனில் சொல்லியிருந்தார், தூரத்து ஊரின் வானிலையைச் சொல்வது போல. எனக்கான வாரிசு சான்றிதழுக்கு இரண்டு மாதம் முன்பே விண்ணப்பித்து, தாலுக்கா ஆபீஸுக்கு எட்டு நடை நடந்து வாங்கி வைத்திருந்தவர் மாமாதான். முதல் வரியை நோட்டில் அடித்தேன்.

வரி விஷயத்தைச் சொன்னேன். மாமா சிரித்தார். "பிரான்ஸ்காரனுக்கு மரக்காணத்துல உப்பளம் இருக்கறது எப்படித் தெரியும்? நீ சொன்னாத்தான தெரியும்? சொல்லாம விட்டுடு."

"கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும் மாமா. எல்லாத்தையும் சொல்லிட்டேன்னு."

"போடு. யாரு வந்து பார்க்கப் போறான்?"

அந்த யோசனை எனக்கும் வராமல் இல்லை. விமானத்தில் இரண்டு முறை வந்தது. இல்லாத பாலத்துக்கு அறிக்கை எழுதுவதும், இருக்கிற விரிசலை எழுதாமல் விடுவதும் ஒன்றுதான் என்று எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

 மாமா கை கழுவப் போன பிறகு அத்தை குரலைத் தாழ்த்தினார். "நாலு ஏக்கருக்கும் நீதான் கட்டணுமா?"

"பட்டா முழுக்க அப்பா பேர்ல இருக்கே அத்தை."

"பட்டா அண்ணன் பேர்ல. பாதி என்னுது."

இருபத்திரண்டு வருடத்துக்கு முன் தாத்தா உயில் எழுதாமல் இறந்தார். நிலம் அண்ணனுக்கும் தங்கைக்கும் சரிபாதி. கடற்கரைச் சாலை ஓரம் ரிசார்ட் கட்ட ஆட்கள் அலைந்துகொண்டிருந்த நேரம். ஒரு புரோக்கர் மாமாவுக்குத் தினமும் பாட்டில் வாங்கிக் கொடுத்து, மனைவியின் பங்கை விற்கச் சொல்லி மடக்கிக்கொண்டிருந்தார். அத்தை பயந்துபோய் பிரான்ஸுக்குப் போன் போட்டார். அடுத்த விடுமுறையில் அப்பா வந்தார். மாமாவுக்குத் தெரியாமல் ஸ்டாம்ப் பேப்பர் வாங்கி, 'என் பங்கை அண்ணனுக்கே விட்டுக்கொடுத்தேன்' என்று எழுதி, அத்தை கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பட்டாவும் அப்பா பெயருக்கு மாறியது.

"வெளிநாட்டுல இருக்கறவன் பேர்ல இருந்தா எவனும் கிட்ட வர மாட்டான் இல்ல? பேங்க் லாக்கர் மாதிரி" என்றார் அத்தை. "வெளைச்சல் எனக்கு, பேரு அவனுக்கு. எப்ப வேணும்னாலும் திருப்பி எழுதித் தர்றேன்னான். எனக்குத்தான் அவசரமில்ல."

பாதுகாப்புக்கு என்று நிலத்தை வெளிநாட்டுப் பெயரில் பூட்டி வைத்தார்கள். அந்தப் பூட்டின் சாவி பிரெஞ்சு வரி அலுவலகத்தில் இருக்கும் என்று அண்ணனும் நினைக்கவில்லை, தங்கையும் நினைக்கவில்லை.

அன்று மாலை நொத்தேரை அழைத்தேன். சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். "சரி, உங்கள் பெயரில் வாங்கிக்கொண்டு பிறகு பாதியை அத்தைக்குக் கொடுத்துவிடலாமே என்று கேட்கப் போகிறீர்கள்" என்றார்.

"ஆமாம்."

"நீங்கள் இங்கே குடியிருப்பவர். நீங்கள் கொடுப்பது இங்கே வரிக்கு உட்பட்ட தானம். அத்தைக்கு அண்ணன் மகள் கொடுத்தால் மதிப்பில் பாதிக்கு மேல் வரி. அதைக் கட்ட வேண்டியவர் உங்கள் அத்தை."

உப்பு வாருகிற என் அத்தை, தன் சொந்த நிலத்தைத் திரும்பப் பெறுவதற்காக, தான் பார்த்தேயிராத நாட்டின் கஜானாவுக்கு நிலத்தின் பாதி விலையைக் கட்ட வேண்டும். மறுபடி சொல்லச் சொன்னேன். அவர் மறுபடி அதையே சொன்னார்.

"அந்தப் பாதி ஒருபோதும் உங்கள் அப்பாவுடையதாக இல்லை என்று காட்ட முடிந்தால் கதை வேறு. ஆனால் வாய்ச்சொல் போதாது. காகிதம் வேண்டும்."

இரண்டாம் நாள் திண்டிவனத்திலிருந்து நில மதிப்பீட்டாளர் வந்தார். பைக்கை நிறுத்தியதும் முதல் கேள்வி: "எதுக்கு மேடம் சர்டிஃபிகேட்? விசாவுக்கா, லோனுக்கா, டாக்ஸுக்கா?"

"அதுல என்ன வித்தியாசம்?"

"விசா, லோன்னா கூட்டிப் போடுவோம். டாக்ஸ்னா கொறைச்சுப் போடுவோம்."

"உண்மையில எவ்ளோவோ அவ்ளோ போடுங்க."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றி என்னை நன்றாகப் பார்த்தார். "அதுக்கு இதுவரைக்கும் யாரும் வந்ததில்லீங்க."

வந்தபின் வேலையை ஒழுங்காகச் செய்தார். சுற்றுவட்டத்தில் உப்பளமாகவே கைமாறிய நிலங்களின் விலை, அரசு வழிகாட்டி மதிப்பு, சாலைக்கு எத்தனை அடி, தண்ணீர் எங்கிருந்து, எல்லாம் குறித்துக்கொண்டார். அவர் போன பத்தாவது நிமிடம் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் காரில் வந்து இறங்கினார். இந்தக் கரையில் வெயிலை விட வேகமாகப் பரவுவது செய்தி. மதிப்பீட்டாளர் போடப்போவதைப் போல மூன்று மடங்கு விலை சொன்னார். "உங்களுக்கு எதுக்கும்மா இந்த உப்புத் தண்ணி? ஒரே கையெழுத்து. வரியும் கட்டிக்கலாம், வீடும் வாங்கிக்கலாம்."

காகிதத்தின்படி நாலு ஏக்கரும் எனக்கு வருவது. அத்தை பத்தடி தள்ளிக் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பலகை உரசும் சத்தம் மட்டும் நின்றுவிட்டிருந்தது.

"விக்கறதுக்கு வரலீங்க" என்றேன்.

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டுத்தான் வந்தேன்."

பலகை மறுபடி உரச ஆரம்பித்தது.

மூன்றாம் நாள் வில்லங்கச் சான்று வாங்கப் போனால், சர்வர் டவுன். இ-சேவை மையத்தில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தோம். பக்கத்திலிருந்த பெண்மணி தன் பையிலிருந்து வேர்க்கடலை கொடுத்தார். லியோனில் அலுவலகக் கணினி நின்றுபோனால் மக்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தனித்தனியாகக் கோபப்படுவார்கள். இங்கே அரை மணியில் எல்லோருக்கும் எல்லோருடைய வழக்கும் தெரிந்துவிட்டது. நாலரை மணிக்கு வெறுங்கையோடு கிளம்பினேன். கணக்குப் பார்த்தால் ஒரு நாள் நஷ்டம், வேர்க்கடலை லாபம்.

மறுநாள் காலை விடுதிக் கூடத்தில் ஒரு முதிய பிரெஞ்சுக்காரர் போனில் மகனுடன் பேசிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கத்திலேயே பல வருடமாக வாழ்கிறவர். "இல்லை, நான் திரும்பி வர மாட்டேன். இங்கேதான் சாவேன். ஆனால் நீ அங்கே இருக்கிறாய் அல்லவா, அதனால் வரிக்காரர்களைப் பொறுத்தவரை நானும் அங்கேதான் சாகிறேன்." அவர் போனை வைத்ததும், ஒட்டுக்கேட்டதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பிரெஞ்சில் சொன்னேன்: "நீங்கள் வெளிநாட்டில் இறந்தால் உங்கள் மகனுக்குப் படிவம் கொடுக்க ஒரு வருடம் தருவார்கள். எனக்கு ஆறு மாதம்தான்."

"அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட வேண்டுமா, மத்மசேல்?" என்றார். பிறகு தன் தட்டிலிருந்த பப்பாளியில் பாதியை எனக்குத் தள்ளினார்.

அன்று சர்வர் எழுந்துவிட்டது. முப்பது வருடத்துக்கான வில்லங்கச் சான்று கையில் வந்தது. இரண்டு முறை படித்தேன். மூன்றாம் முறை விரலை வைத்துக்கொண்டு படித்தேன். அத்தை விட்டுக்கொடுத்ததாக ஒரு பதிவும் இல்லை.

பதிவு அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதுகிறவரிடம் போனேன். ஊரே அவரை ரைட்டர் என்றுதான் கூப்பிடுகிறது. அத்தையும் மாமாவும் கூட வந்திருந்தார்கள். மாமாவை டீ வாங்க அனுப்பிவிட்டு, அத்தை பிளாஸ்டிக் கவரிலிருந்து அந்த ஸ்டாம்ப் பேப்பரை எடுத்துக் கொடுத்தார். ரைட்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத ரிஜிஸ்டர் பண்ணலையா?"

"இல்லீங்க. இந்த வாசல்ல எப்பவும் புரோக்கருங்கதான் உக்காந்திருப்பாங்க. உள்ள போனா வெளிய தெரிஞ்சுடும்னு வீட்டுலயே எழுதிக்கிட்டோம். ஸ்டாம்ப் பேப்பர்தானே, கவர்மென்ட் முத்திரை இருக்குதில்ல."

"யம்மா, நிலத்த விட்டுக்கொடுக்கறதா இருந்தா ரிஜிஸ்டர் பண்ணணும். வீட்டுல எழுதி வெச்சா அது லெட்டரு. பத்திரம் இல்ல. பட்டா மாறினாலும் பாத்தியதை மாறாது. உங்க பாதி உங்ககிட்டேயேதான் இருக்குது. ஒரு நாளும் போவல."

நான் அத்தையின் பக்கம் திரும்பினேன். என் நோட்டில் இதைவிட நல்ல வரி இருக்க முடியாது. ஆனால் அத்தையின் முகம் வெளுத்துவிட்டது.

"போவலையா?" என்றார். "அப்ப இருபத்திரண்டு வருஷமா எதை நம்பிய்யா நான் தூங்கினேன்?"

அன்று ரைட்டர் கடையில் அத்தை எதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. பாதி அவருடையது என்று இருவரும் எழுதிப் பதிவு செய்துவிடலாம் என்றேன். "வேணாம்" என்றார். "என் பேருக்கு வந்தா நாளைக்கே வெள்ளைச் சட்டை வந்து உக்காருவான். உன் பேர்லயே இருக்கட்டும். வரி எவ்ளோன்னு சொல்லு, நானும் பாதி தர்றேன்."

"அப்படி எழுதினா அது பொய் அத்தை. உங்க நிலத்த அப்பா நிலம்னு கையெழுத்துப் போடணும். நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நிலம் யாருக்குப் போகும்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

"உனக்கு ஒண்ணும் ஆவாது."

"அப்பாவுக்கும் ஒண்ணும் ஆகாதுன்னுதான் நெனச்சீங்க."

சொன்னதற்கு வருந்தினேன். ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அதைச் சொல்லி முடிக்கும்போது மாமா மூன்று டீயோடு வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. டீயை மேசையில் வைத்தார்.

"எனக்குத் தெரியும்டி" என்றார்.

அத்தை மேசையிலிருந்த ஸ்டாம்ப் பேப்பரைக் கவருக்குள் திணித்தார்.

"நீ அண்ணன் பேர்ல எழுதினது அன்னிக்கே தெரியும். சாட்சி போட்டவன் அதே ராத்திரி என்னோட உக்காந்து குடிச்சான், சொல்லிட்டான். அப்புறம் எத்தினி பேரு வந்தானுவோ. எல்லார்கிட்டயும் 'எங்கிட்ட ஒண்ணும் இல்லப்பா, பிரான்ஸுக்குப் போன் போடு'ன்னுதான் சொன்னேன். அதுதான் எனக்கும் தப்பிக்க வழி. இல்லன்னா நான் வித்திருப்பேன். நிச்சயமா வித்திருப்பேன்."

"தெரிஞ்சா ஏன்யா சொல்லல?"

"சொன்னா நீ வேற எடத்துல மறைப்ப."

ரைட்டர் அவசரமாக ஒரு பேனாவைத் தேட ஆரம்பித்தார். நான் டீயைக் குடித்தேன். சர்க்கரை அதிகம்.  திரும்பும்போது மூவரும் ஒரே ஷேர் ஆட்டோவில் வந்தோம். அத்தை மாமாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ஆனால் இறங்கும்போது, குனிந்து இறங்கு, தலை இடிக்கும் என்று அவரிடம் சொன்னார்.

ஐந்தாம் நாள் ரைட்டர் இருவருக்கும் நடுவாக ஒரு யோசனை சொன்னார். தனித்தனியாகப் பிரித்து வேலி போட்டுவிட்டால் சண்டையே இல்லை. பங்கு பிரிக்கும் முறையையும் அவரே நினைவுபடுத்தினார்: பெரியவர் கோடு கிழிக்க வேண்டும், சின்னவர் முதலில் எடுக்க வேண்டும். அப்பா அண்ணன், அவர் இடத்தில் நான். ஆகவே நான் பிரிக்க, அத்தை எடுக்க வேண்டும். யார் கண்டுபிடித்தாரோ, எந்தப் பொறியாளரும் இதைவிட நியாயமான கருவி செய்ய முடியாது. பிரிக்கிறவளுக்கு எந்தப் பாதி தனக்கு வரும் என்று தெரியாது. ஆகவே கை தானாகவே நேராகக் கோடு போடும்.

அன்று முழுக்க டேப்பும் புல வரைபடமும் வைத்துக்கொண்டு அளந்தேன். நிலத்தின் மேற்கு ஓரம் வாய்க்கால், கிழக்கு ஓரம் சாலை. குறுக்கே வெட்டினால் ஒருவருக்குச் சாலை, மற்றவருக்குத் தண்ணீர். அது நியாயமில்லை. ஆகவே மேற்கிலிருந்து கிழக்காக நீளவாட்டில் வெட்டினேன். இருவருக்கும் சாலையில் முகப்பு, இருவருக்கும் வாய்க்காலில் வாய். அங்குலம் பிசகாத வரைபடம். பெருமையாக அத்தையிடம் நீட்டினேன். மாமாவும் எட்டிப் பார்த்தார்.

அத்தை சிரிக்க ஆரம்பித்தார். இரண்டு நாளில் முதல் சிரிப்பு.

"காயிதத்துல நல்லா இருக்குதுடி. தண்ணி இன்னா பண்ணும்? ஹெலிகாப்டர்ல போவுமா?"

பாத்தி பாத்தியாக நடக்க வைத்தார். வாய்க்கால் தண்ணீர் முதலில் நிலத்தின் முழு அகலத்துக்கும் பரந்த பெரிய பாத்தியில் நிற்கிறது. அங்கிருந்து தெற்கு ஓரமாக இறங்கி, வடக்கே திரும்பி, மறுபடி தெற்கே என்று பாம்பு போல வளைந்து வளைந்து, ஒவ்வொன்றிலும் வெயிலில் கெட்டியாகி, கடைசியில் சாலையோரச் சின்னப் பாத்திகளில் உப்பாக உறைகிறது. என் கோடு அந்தப் பாம்பை ஏழு இடத்தில் வெட்டியது. குறுக்கே வெட்டினாலோ, ஒருவருக்கு உப்பாகாத தண்ணீர், மற்றவருக்குத் தண்ணீர் வராத உப்புப் பாத்தி. எப்படிப் பார்த்தாலும் பாதி நிலம் ஒரு பிடி உப்பும் தராது.

"ரெண்டா வெட்டினா செத்துடும்" என்றார் மாமா. "அதனாலதான் உங்க தாத்தாவும் பிரிக்கல."

வரைபடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றேன். என் தவறு என்னவென்று பார்த்தேன். பிரிக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டதுதான் தவறு. பங்கை எழுத வேண்டும். நிலத்தைத் தொட வேண்டியதில்லை.

ரைட்டருக்கு அங்கிருந்தே போன் போட்டேன். "பிரிக்காம, ஆளுக்குப் பாதி பங்குன்னு மட்டும் எழுதி ரிஜிஸ்டர் பண்ணிட்டு, கூட்டுப் பட்டா வாங்கினா, ஒருத்தர் பங்க மட்டும் புரோக்கர் வாங்குவானா?"

அவர் ஸ்பீக்கரில் சிரித்தார். "சட்டப்படி வாங்கலாம்மா. ஆனா எந்த முட்டாள் வாங்குவான்? எந்தப் பக்கம் தன்னுதுன்னே தெரியாது. எதுவும் கட்ட முடியாது. இன்னொரு கையெழுத்துக்கு பிரான்ஸுக்குப் போவணும்."

அத்தை பலகையை ஊன்றி நின்றார். "அப்ப என் பேர்லயும் இருக்கும். எவனாலயும் தனியா வாங்கவும் முடியாது?"

"வாங்கினாலும் ஒண்ணும் பண்ண முடியாது அத்தை."

"நீ வித்தா?"

"நீங்களும் கையெழுத்துப் போட்டாத்தான் எவனும் வாங்குவான். நாம ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் பூட்டு."

அத்தை பலகையால் இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தார்.  "நாளைக்கு எத்தினி மணிக்குப் போவணும்?" என்றார் அத்தை.

அதற்கு மறுநாள்தான் டோக்கன் கிடைத்தது. ஏழாம் நாள். அத்தை கல்யாணத்துக்குப் போகிற சேலையில் வந்தார். தாத்தாவின் வாரிசுகள் இருவர், ஒருவருக்குப் பிரிபடாத பாதி, மற்றவரின் பாதி இப்போது அவர் மகளுக்கு, முன்பு வீட்டில் எழுதிய காகிதம் செல்லாது என்று பத்திரம் சொன்னது. சார்பதிவாளர் அத்தையிடம் கேட்டார்: "படிச்சுக் காட்டினாங்களா? சம்மதம்தானா? யாரும் கட்டாயப்படுத்தலையே?"

"என்னைக் கட்டாயப்படுத்த எவன் இருக்கான்?" என்றார் அத்தை. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

சாட்சி இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ரைட்டரின் உதவியாளர். இன்னொருவர் வர வேண்டியவர் வரவில்லை. நான் சுற்றிலும் பார்த்தேன். அத்தை பார்க்கவில்லை. "ஏய்யா, அங்க இன்னா வேடிக்கை பார்க்கற, வந்து போடு" என்றார்.

மாமா பேனாவை வாங்கிக்கொண்டார். அவரிடமிருந்து காப்பாற்றுவதற்காக ஒளித்து வைத்த நிலம், அவர் மனைவியுடையது என்பதற்கு அவரே சாட்சி. ஏழுமலை என்று ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார்.  'ழு'வைத் திரும்ப ஒருமுறை கெட்டியாக்கினார்.

நொத்தேருக்குப் பத்திரம், வில்லங்கச் சான்று, மதிப்பீடு, எல்லாவற்றையும் அன்றே அனுப்பினேன். பத்திரம் அப்பா இறந்த பிறகு எழுதியது என்பதால் ஒரு வழக்கறிஞரின் கருத்தும் வேண்டும் என்றார். அதையும் சேர்த்து வாங்கி அனுப்பினேன். மறுநாள் காலை பதில் வந்தது. "ஏற்கத் தக்கது. பாதியை மட்டும் சேர்க்கிறேன்." பிரிபடாத பங்கு என்பதால் மதிப்பும் சற்றுக் குறையும் என்று கூடுதலாக ஒரு வரி.

எட்டாம் நாள் விடைபெறப் போனேன். அத்தை பாத்தியில்தான் இருந்தார். சேதியைச் சொன்னேன்.

"என் பாதிக்கு நீ கட்ட வேணாமில்ல?"

"வேணாம்."

"உன் பாதிக்கு?"

"கட்டணும். தவணையில கட்டலாமான்னு கேட்டிருக்கேன். நிலத்த விக்காமலே முடியும். ரெண்டு மூணு வருஷம் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கணும்."

மாமா விடவில்லை. "பட்டாவே ரெண்டு பேர்ல ஆயிடும். இன்னும் எதுக்குச் சொல்லணும்? சொல்லாம விட்டா யாரு…"

"நீ சும்மா இருய்யா" என்றார் அத்தை. பலகையை நிறுத்தி என்னைப் பார்த்தார். "அண்ணன் ரெண்டு மாசம் அங்க ஆஸ்பத்திரில கெடந்தானே. தெனம் போன்ல பார்ப்பேன். வெள்ளை வெளேர்னு பெட்டு, மூணு நர்ஸு. கடைசில அவங்க எவ்ளோ பில்லு போட்டாங்க?"

"ஒண்ணும் இல்ல அத்தை. அங்க அது அரசாங்கம் பார்த்துக்கும்."

"ஒத்தப் பைசா?"

"ஒத்தப் பைசா கேக்கல."

அத்தை தலையை ஆட்டினார். "அப்பக் கட்டிடு" என்றார். குனிந்து பலகையை மறுபடி இழுக்க ஆரம்பித்தார்.